நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் இறைச்சி மாடு வளர்த்த குடும்பங்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடக்கும் மேற்குமாக ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மணற்குன்றுகள் விரிந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டின் பரப்பில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சாண்ட்ஹில்ஸ் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதிதான் மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய மணற்குன்றுத் தொகுதி. சில குன்றுகள் 120 மீட்டர் வரை உயர்ந்திருக்கின்றன. ஆனால் இது பாலைவனமன்று. குன்றுகளைப் புல் முழுவதுமாகப் போர்த்தியிருக்கிறது. அந்தப் புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 430 முதல் 580 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழை மணலில் நேராக இறங்கி, அடியிலுள்ள ஒகலாலா நிலத்தடி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்குகளில் அந்த நீர் ஏரியாகவும் ஊற்றாகவும் ஈரப் புல்வெளியாகவும் மேலே வருகிறது.

இந்த நிலத்தின் தன்மை அங்கே நடக்கக்கூடிய தொழிலையும் வரையறுத்துவிட்டது. ஏர் பூட்டி உழுதால் புல்வேர் அறுந்து மணல் பறக்கத் தொடங்கும். புல்லை மனிதர் உண்ண முடியாது, மாடு உண்ணும். ஆகவே குன்றுகளில் மேய்ச்சல், பள்ளத்தாக்குகளில் குளிர்காலத்துக்கான உலர்புல் என்ற இரண்டையும் கொண்டு இறைச்சி மாடு வளர்ப்பதே இங்கு நிலைத்த பிழைப்பாயிற்று. ஒரு குடும்பம் வாழ எத்தனை மாடு வேண்டும், அத்தனை மாட்டுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்ற கணக்கைச் சுற்றியே இப்பகுதியின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு சுழல்கிறது.

திறந்தவெளி மேய்ச்சல்

மாடுகள் வருவதற்கு முன் இந்தப் புல்லை மேய்ந்தவை பைசன் என்னும் காட்டெருமைகள். அவற்றை வேட்டையாடி வாழ்ந்தவர்கள் லகோட்டா, பாவ்னி முதலிய தொல்குடி மக்கள். தோலுக்காக நடந்த பெருவேட்டையில் 1880களின் தொடக்கத்துக்குள் இந்தச் சமவெளிகளில் பைசன் ஏறக்குறைய அற்றுப்போனது. பாவ்னி மக்கள் 1870களின் நடுவில் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். லகோட்டா மக்கள் மணற்குன்றுகளுக்கு வடக்கே பைன் ரிட்ஜ், ரோஸ்பட் ஒதுக்கீட்டுப் பகுதிகளில் அடைக்கப்பட்டனர். வேட்டை உணவை இழந்த அவர்களுக்கு அரசு மாட்டிறைச்சியைப் பங்கீடாகக் கொடுத்தது. அந்தப் பங்கீட்டுக்கான ஒப்பந்தங்களே வட நெப்ராஸ்காவின் முதல் மாட்டு முதலாளிகளுக்கு நிலையான சந்தையாக அமைந்தன. ஒரு மக்களின் நிலமும் உணவும் பறிக்கப்பட்டதன் மேல்தான் இந்தத் தொழில் எழுந்தது என்பதை இதன் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது.

தொடக்கத்தில் மாடுகள் டெக்சாஸிலிருந்து நடத்தியே கொண்டுவரப்பட்டன. 1870களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டுகள், யூனியன் பசிபிக் ரயில் பாதையிலிருந்த ஒகலாலா என்ற சிற்றூர் இந்த மந்தைகள் வந்து சேரும் சந்தையாக விளங்கியது. மந்தைக்காரர்கள் பிளாட், நயோப்ரரா ஆற்றோரங்களில் மாடுகளை மேயவிட்டனர். மணற்குன்றுகளுக்குள் நுழைய மட்டும் தயங்கினர். வழி தெரியாது, தண்ணீர் கிடைக்காது, உள்ளே போன மாடு திரும்பாது என்பதே அவர்களிடையே நிலவிய எண்ணம்.

1879 மார்ச்சில் அடித்த பனிப்புயல் அந்த எண்ணத்தைத் தகர்த்தது. நயோப்ரரா ஆற்றோரம் இருந்த நியூமன் பண்ணையின் ஆயிரக்கணக்கான மாடுகள் புயலுக்கு முதுகு காட்டியபடி தெற்கே குன்றுகளுக்குள் சென்றுவிட்டன. அவற்றைத் தேடி உள்ளே போன மாட்டுக்காரர்கள் அவை கொழுத்து நிற்பதைக் கண்டனர். அவற்றுடன் எந்தப் பண்ணையின் குறியும் இல்லாமல், முந்தைய ஆண்டுகளில் வழிதவறி வந்து அங்கேயே பெருகிய மாடுகளும் இருந்தன. குன்றுகள் காற்றைத் தடுத்தன. பள்ளத்தாக்குகளில் தண்ணீர் இருந்தது. காய்ந்த நிலையிலும் புல்லில் சத்து இருந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே பெரும் பண்ணைகள் உள்ளே பரவின. 1883இல் வாலன்டைனுக்கும் 1888இல் அலையன்ஸுக்கும் ரயில் வந்து சேர்ந்ததால், மாடுகளை நேராக ஒமாஹாவுக்கும் சிகாகோவுக்கும் அனுப்பும் வழி பிறந்தது.

அந்தக் காலத்து மேய்ச்சல் அரசு நிலத்தில் கட்டணமின்றி நடந்தது. முதலீடு மாட்டில் மட்டும், நிலத்தில் இல்லை. குளிர்காலத்துக்குத் தீவனம் சேர்த்து வைக்கும் வழக்கமும் அரிது. 1886–87 குளிர்காலம் இந்த முறையின் கணக்கைத் தீர்த்தது. வட சமவெளிகள் எங்கும் பனி உறைந்து புல்லை மூடியது. லட்சக்கணக்கான மாடுகள் பட்டினியில் மடிந்தன. பல பெரிய நிறுவனங்கள் திவாலாயின. எஞ்சியவர்கள் உலர்புல் சேர்க்கவும், வேலி போடவும், தரமான ஹெரஃபோர்டு, ஆங்கஸ் காளைகளைக் கொண்டு மந்தையை மேம்படுத்தவும் தொடங்கினர்.

கின்கெய்டு சட்டம்

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. அந்த அளவு மழை மிகுந்த கிழக்கு மாநிலங்களின் உழவை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. மணற்குன்றுகளில் ஒரு தாய்ப்பசுவும் அதன் கன்றும் ஆண்டு முழுவதும் பிழைக்க ஏறத்தாழ 15 முதல் 20 ஏக்கர் வேண்டும். 160 ஏக்கரில் எட்டு முதல் பத்துப் பசுக்களே தேறும். இதனால் குடியேறிகள் வரவில்லை. 1874இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பியைக் கொண்டு பெரும் பண்ணைகள் அரசு நிலத்தையே வளைத்துக்கொண்டன. 1885இல் அரசு நிலத்தை வேலியிடுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டும் வேலிகள் நின்றன.

இந்த முரண்பாட்டைத் தீர்க்க, நெப்ராஸ்காவின் நாடாளுமன்ற உறுப்பினர் மோசஸ் கின்கெய்டு கொண்டுவந்த சட்டம் 1904இல் நிறைவேறியது. மாநிலத்தின் மேற்கு, வடமேற்குப் பகுதிகளிலுள்ள 37 கவுன்டிகளில் (மாவட்டங்களில்), நீர்ப்பாசனத்துக்கு உதவாத நிலத்தை 640 ஏக்கர் வரை ஒருவர் பெறலாம். ஐந்தாண்டு குடியிருந்து, ஏக்கருக்கு 1.25 டாலர் மதிப்புக்கு மேம்பாடு செய்திருக்க வேண்டும். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும்கூடத் தங்கள் பெயரில் நிலம் கோரலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் நில அலுவலகங்களின் வாசலில் நீண்ட வரிசைகள் நின்றன. அப்படி வந்தவர்களுக்குக் கின்கெய்டர்கள் என்ற பெயர் ஏற்பட்டது.

அவர்களின் வாழ்க்கை கடினமானது. மரமில்லாத நாட்டில் புல்வேரோடு மண்ணைக் கட்டிகளாக வெட்டியெடுத்து அடுக்கி வீடு கட்டினர். காய்ந்த சாணத்தைப் பொறுக்கி வந்து அடுப்பெரித்தனர். காற்றாலை ஒன்றை நிறுத்தித் தண்ணீர் இறைத்தனர். பலர் உழுது மக்காச்சோளம் விதைத்துப் பார்த்தனர். உழுத இடம் இரண்டொரு பருவத்தில் மணற்குழியாயிற்று. வடக்கு லூப் ஆற்றோரம், செரி கவுன்டியில், 1907 முதல் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பத்தினர் டிவிட்டி என்ற குடியிருப்பை அமைத்து ஆடுமாடு வளர்த்தனர். பள்ளியும் தேவாலயமும் நடத்தினர். நெப்ராஸ்காவில் அம்மக்கள் அமைத்த கிராமப்புறக் குடியிருப்புகளில் இதுவே பெரியது. 1930களுக்குள் ஏறக்குறைய எல்லோரும் அங்கிருந்து வெளியேறிவிட்டனர்.

கின்கெய்டர்களில் பலர் நிலைக்காததன் காரணம் கணக்கில் இருந்தது. 640 ஏக்கரில் நிற்கக்கூடியவை முப்பது, நாற்பது பசுக்கள். அவற்றின் கன்றுகளை விற்று வரும் பணத்தில் ஒரு குடும்பம் கடனடைத்து, தீவனமும் துணிமணியும் வாங்கி, குளிர்காலத்தைக் கடப்பது அரிது. ஐந்தாண்டு முடிந்து பட்டா கைக்கு வந்ததும் பலர் அண்டைப் பண்ணைக்கு நிலத்தை விற்றுவிட்டுப் போயினர். தங்கியவர்கள், போனவர்களின் நிலத்தை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிச் சேர்த்தவர்கள். அண்ணன், தங்கை, மைத்துனர் என்று ஒரே குடும்பத்தின் பலர் அடுத்தடுத்த பகுதிகளைக் கோரிப் பின்னர் ஒன்றாக்கியதும் உண்டு. இவ்வாறு சில ஆயிரம் ஏக்கரும் சில நூறு பசுக்களும் கொண்ட குடும்பப் பண்ணை உருவாயிற்று. மணற்குன்றுகளில் இன்று காணப்படும் பல பண்ணைகளின் அடித்தளம் இதுவே.

பெரும் பண்ணைகளின் ஆட்சியும் இதே காலத்தில் சரிந்தது. 5 லட்சம் ஏக்கருக்கு மேல் கையில் வைத்திருந்த ஸ்பேட் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸும் அவரது பங்குதாரரும் 1905இல் சட்டவிரோத வேலிக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அபராதமும் சில மணிநேரக் காவலுமே தண்டனையாக விதிக்கப்பட்டதால் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் சினங்கொண்டார். பிறர் பெயரில் பொய்க் கோரிக்கைகள் போட்டு நிலம் பிடித்ததற்காக மறுபடியும் வழக்கு நடந்தது. ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்ற ரிச்சர்ட்ஸ், தண்டனை முடியுமுன் 1911இல் இறந்தார். குடியேறிகளின் பார்வையில் இந்தக் காலத்தைப் பதிவுசெய்த நூல்களில் முதன்மையானது, மாரி சாண்டோஸ் தம் தந்தையைப் பற்றி எழுதி 1935இல் வெளியான ‘ஓல்ட் ஜூல்ஸ்’.

பண்ணையின் ஓராண்டு

குடும்பப் பண்ணையின் வேலை தாய்ப்பசுவின் உடலை ஒட்டியே நகர்கிறது. பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்கு ஒரு கன்று ஈன வேண்டுமானால், ஈன்ற மூன்று மாதத்துக்குள் அது மீண்டும் சினை பிடிக்க வேண்டும். அதனால் காளைகளை மந்தையில் சில வாரங்கள் மட்டுமே விடுவர். இருபத்தைந்து பசுக்களுக்கு ஒரு காளை என்பது பொதுக் கணக்கு.

நெடுங்காலம் கன்று ஈனும் பருவம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இருந்தது. இரவெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, விளக்கோடு தொழுவத்தைச் சுற்றி வருவது வீட்டிலுள்ள அனைவரின் முறை. முதல் ஈற்றுக் கிடாரிகளுக்குப் பேறு சிக்கலாகும்; கன்றின் முன்னங்காலில் சங்கிலி மாட்டி, பசு முக்கும் நேரம் பார்த்து இழுக்க வேண்டும். பனியில் விழுந்த கன்றைச் சமையலறை அடுப்போரம் கிடத்தி உலர்த்தி, சீம்பாலைப் புகட்டிப் பிழைக்க வைப்பதும் வழக்கம். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகாத கன்று நோய்க்கு எளிதில் இரையாகும்.

மே மாதத்தில் சூட்டுக்குறி இடும் நாள் வரும். அன்று அக்கம்பக்கத்துக் குடும்பத்தினர் எல்லாம் குதிரைகளோடு திரண்டு வருவர். கன்றைக் கயிறெறிந்து பிடித்து, இருவர் கீழே அழுத்தியிருக்க, ஒருவர் தடுப்பூசி போடுவார். ஒருவர் காளைக்கன்றுக்குக் காயடிப்பார். ஒருவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பண்ணையின் குறியை இடுவார். கூலி கிடையாது. வந்தவர்களுக்கு மதியம் வயிறார உணவு உண்டு. அவர்கள் பண்ணையில் குறியிடும் நாளில் இவர்கள் போய் உழைத்துக் கொடுப்பர். ஆள்வசதி இல்லாத நாட்டில் சிறு பண்ணைகள் நிலைத்ததற்கு இந்தக் கைமாற்று உழைப்பு பெரிய காரணம். மாட்டுத் திருட்டைத் தடுக்க, 1941இல் மாநிலம் சூட்டுக்குறிக் குழு ஒன்றை அமைத்தது. மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மாடு கைமாறும்போது குறியைச் சோதிக்கும் முறை இன்றும் தொடர்கிறது.

கோடையில் மந்தை குன்றுகளில் மேயும்போது, ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்குகளில் புல்லறுப்பு நடக்கும். முன்பு குதிரை இழுக்கும் அறுவைக் கருவிகள் புல்லைச் சாய்க்க, வாரிகள் அதை வரிசையாகக் கூட்ட, சரிவுச் சட்டத்தில் ஏற்றிப் பெரும் போர்களாகக் குவித்தனர். பத்து வயதுப் பிள்ளைகளும் வாரிக் குதிரையை ஓட்டினர். ஒரு பசுவுக்குக் குளிர்காலத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் உலர்புல் வேண்டும் என்பதால், நூறு பசு உள்ள வீட்டுக்கும் இருநூறு டன் வரை தேவைப்பட்டது. 1940களில் டிராக்டரும் 1970களில் உருளைக் கட்டு இயந்திரமும் வந்தபின், பதினைந்து பேர் செய்த வேலையை இரண்டு மூன்று பேர் செய்யலாம் என்றாயிற்று. கூலியாட்கள் போயினர்; வேலை முழுவதும் குடும்பத்தின் கையில் வந்தது.

அக்டோபர், நவம்பரில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பால் மறக்கடிப்பர். அப்போது ஒரு கன்று 225 முதல் 270 கிலோ வரை இருக்கும். நூறு பசு உள்ள பண்ணையில் எண்பத்தைந்து, தொண்ணூறு கன்று கைக்கு வந்தால் நல்ல ஆண்டு. வயதான பசுக்களுக்கு மாற்றாகப் பதினைந்து கிடாரிகளை நிறுத்திக்கொண்டு மீதியை விற்பர். சினை பிடிக்காத பசுவும் அப்போதே சந்தைக்குப் போகும். ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்த ஒரே விற்பனையில் வருகிறது. அன்றைய விலைதான் வங்கிக் கடன், தீவனச் செலவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வறட்சியும் பனியும்

1934இன் வறட்சியில் சமவெளிகள் முழுவதும் தீவனம் பொய்த்தது. அரசே முன்வந்து நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை விலைக்கு வாங்கியது. ஒரு மாட்டுக்கு அதிகபட்சம் 20 டாலர். மெலிந்தவற்றை அந்த இடத்திலேயே சுட்டுப் புதைத்தனர். மணற்குன்றுப் பண்ணைகளும் துன்பப்பட்டன. ஆனால் தெற்கே உழுத நிலங்கள் புழுதியாகப் பறந்த ஆண்டுகளில் உழாத குன்றுகள் பெரும்பாலும் நின்றன. நிலத்தடி நீர் வற்றாததால் காற்றாலைத் தொட்டிகளில் தண்ணீர் இருந்தது. புல்லைக் கலைக்கக் கூடாது என்ற பாடத்தை இந்தப் பத்தாண்டு உறுதிசெய்தது.

1949 ஜனவரியில் தொடங்கி வாரக்கணக்கில் நீடித்த பனிப்புயல்கள் இன்னொரு சோதனை. பண்ணைகள் துண்டிக்கப்பட்டன, புற்போர்கள் பனிக்குள் மறைந்தன. ராணுவம் புல்டோசர்களால் பாதை திறந்தது. விமானப் படை வானிலிருந்து உலர்புல் கட்டுகளை மந்தைகளுக்கு வீசியது.

சந்தையும் ஆலைகளும்

கன்றை வளர்ப்பது குடும்பம்; அதன் விலையை முடிவுசெய்வது வேறிடம். பண்ணையிலிருந்து போகும் கன்று, கிழக்கு நெப்ராஸ்காவின் தீவனப் பட்டிகளில் மக்காச்சோளம் தின்று கொழுத்து, பின்னர் ஆலைக்குப் போகிறது. 1884இல் தொடங்கிய ஒமாஹா மாட்டுச் சந்தை, 1955இல் சிகாகோவை விஞ்சி உலகின் மிகப் பெரிய கால்நடைச் சந்தையாயிற்று. அந்தப் பெருமிதத்தில் மாநிலம் தன் வாகன எண் பலகைகளிலேயே மாட்டிறைச்சி மாநிலம் என்று பொறித்துக்கொண்டது.

இறைச்சி நிறுவனங்களின் கூட்டு ஆதிக்கம் பழைய குறை. ஐந்து பெரிய நிறுவனங்கள் சந்தையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டதாக அரசு விசாரணை கண்டதை அடுத்து, 1921இல் இறைச்சி நிறுவனங்களையும் மாட்டுச் சந்தைகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. சில பத்தாண்டுகள் போட்டி பிழைத்தது. 1960இல் அயோவா மாநிலத்தில் தோன்றிய ஐபிபி நிறுவனம் மாடு கிடைக்கும் இடத்திலேயே ஆலையை நிறுவி, 1967 முதல் இறைச்சியைத் துண்டுகளாக்கிப் பெட்டியில் அடைத்து அனுப்பத் தொடங்கியது. செலவு குறைந்தது; நகரத்துச் சந்தைகள் வெறிச்சோடின. சிகாகோ சந்தை 1971இலும் ஒமாஹா சந்தை 1999இலும் மூடப்பட்டன. இன்று கொழுத்த மாடுகளில் சுமார் 85 விழுக்காட்டை நான்கே நிறுவனங்கள் வெட்டுகின்றன. கன்று விற்கும் குடும்பங்கள் சிற்றூர் ஏலக்கூடங்களிலும் காணொளி ஏலங்களிலும் விற்றாலும், ஏலம் கேட்பவரின் மனத்திலுள்ள விலை அந்த நால்வரின் கொள்முதலைச் சார்ந்தே அமைகிறது.

குடும்பத்தின் கையில் நிலம்

நிலத்தை நிறுவனங்கள் வாங்கிவிடும் என்ற அச்சம் 1982இல் மக்கள் வாக்கெடுப்பாக வெடித்தது. குடும்பமல்லாத நிறுவனங்கள் விவசாய நிலமும் கால்நடைத் தொழிலும் வைத்திருப்பதைத் தடுக்கும் திருத்தம் மாநில அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. 2006இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் நிறுவனங்களைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள்ளேயே உள்ளது. நிலத்தின் சந்தை விலை, அந்த நிலத்தில் மேயும் மாடுகள் ஈட்டித் தரக்கூடியதைவிடப் பன்மடங்கு உயர்ந்துவிட்டது. பெற்றோர் இறந்தபின் பண்ணையில் தங்கிய பிள்ளை, நகரத்துக்குப் போன உடன்பிறந்தாரின் பங்கைக் கன்று விற்ற பணத்தில் வாங்க முடிவதில்லை. பண்ணைகள் பிரிவதும் விற்கப்படுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பல வீடுகளில் கணவனோ மனைவியோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்ப்பதால்தான் மருத்துவக் காப்பீடும் மாதச் சம்பளமும் கிடைக்கின்றன.

தொழில்நுட்பத்தில் செலவைக் குறைக்கும் வழிகளைப் பண்ணையாளர்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து கண்டனர். விட்மன் ஊருக்கு அருகே ஒரு பண்ணைத் தம்பதி கொடையளித்த நிலத்தில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணை இயங்குகிறது. பச்சைப் புல் முளைத்தபின் மே, ஜூனில் கன்று ஈனச் செய்தால் உலர்புல் தேவை வெகுவாகக் குறையும் என்று அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின. கன்றுக் கழிச்சலைத் தடுக்கும் முறை ஒன்றும் இப்பகுதியின் பெயராலேயே அறியப்படுகிறது: ஈன்ற பசுக்களைக் கன்றுகளோடு அங்கேயே விட்டு, ஈனாதவற்றை வாரந்தோறும் புதிய மேய்ச்சலுக்கு நகர்த்துவது. மூத்த கன்றுகளின் கிருமி இளங்கன்றுகளுக்குப் பரவாததால் இழப்பு பெரிதும் குறைந்தது.

இன்று செரி கவுன்டியில் ஐயாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழ, தாய்ப்பசுக்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் உள்ளன. குன்றுகளில் பெரும்பகுதி இன்னும் உழப்படாத புல்லாகவே இருக்கிறது. வட அமெரிக்காவில் இவ்வளவு பெரிய புல்வெளி குலையாமல் எஞ்சியிருப்பது அரிது. அதைக் காத்தது தனிச் சட்டமன்று, மேய்ச்சலால் பிழைத்த குடும்பங்களின் தன்னலமும் பொறுப்பும் ஒன்றாக அமைந்ததே. ஈஸ்டர்ன் ரெட் சிடார் என்னும் மரங்கள் இப்போது புல்வெளிக்குள் பரவி வருவதால், அக்கம்பக்கத்தார் கூடிக் கட்டுப்பாடான தீ வைத்து அவற்றை அழிக்கின்றனர்.

நாட்டின் மாட்டு எண்ணிக்கை 1975இல் 13.2 கோடியாக உச்சம் தொட்டு, 2025 தொடக்கத்தில் 8.67 கோடியாக, 1951க்குப் பின் மிகக் குறைந்த அளவுக்கு வந்தது. பற்றாக்குறையால் அந்த ஆண்டு கன்று விலை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. கிடாரியை இன்றே விற்றால் கடன் அடையும். நிறுத்திக்கொண்டால் அது ஈன்று, அதன் கன்று விற்பனைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டாகும், அதற்குள் விலை விழலாம். 640 ஏக்கரோடு தொடங்கிய கின்கெய்டர்களைப் போலவே, இந்தக் குடும்பங்களும் அந்த முடிவைத் தங்கள் நிலத்தில் நிற்கும் புல்லின் அளவைப் பார்த்தே எடுக்கின்றன.